மா என்றால் குதிரை

அன்புள்ள ஐயா,

ஒரு காணொளி பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி மனதைக் குடைகிறது. சீனத்தில் 'மா' என்றால் குதிரை. தமிழிலும் 'மா' குதிரைதான். சீனத்தில் அம்மாவும் 'மா'. சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் கூடாது, அரபியில் 'மா' என்றால் இல்லை. ஓரெழுத்துச் சொல் இத்தனை மொழிகளில் பொருந்திப்போவது தற்செயலாக இருக்க முடியுமா? தமிழிலிருந்துதான் சீனத்துக்குப் போயிற்று என்று காணொளியில் அடித்துச் சொல்கிறார்கள். என் மகள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். எது சரி?

கே.

அன்புள்ள கே.,

மகள் பக்கம்தான் நான். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற அளவுக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

குதிரையிலிருந்தே ஆரம்பிப்போம். 814ஆம் குறளில் போர்க்களத்தின் நடுவே வீரனைத் தள்ளிவிட்டு ஓடும் பழக்கப்படாத குதிரைக்குப் பெயர் 'கல்லா மா'. ஆக, தமிழில் மா குதிரையைக் குறிப்பது உண்மை. ஆனால் அந்தச் சொல்லின் பரப்பு அதைவிடப் பெரியது. தொல்காப்பிய மரபியலில் 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்று வரும்போது அது குதிரையை மட்டும் சொல்லவில்லை, விலங்குகளைச் சொல்கிறது. அரிமா சிங்கம், கைம்மா யானை, பரிமா குதிரை. பொதுவாக விலங்கைக் குறித்த சொல் இடத்துக்கேற்பக் குதிரைக்கும் ஆகி வந்திருக்கிறது.

சீனச் சொல் வேறு வழியில் வந்தது. அது எப்போதும் குதிரைதான். ஆனால் ஒலி எப்போதும் 'மா' இல்லை. பழஞ்சீன உச்சரிப்பை மீட்டெடுத்த ஆய்வாளர்கள் அதில் மகரத்தை ஒட்டி ஒரு ரகரம் இருந்தது என்கிறார்கள், ஏறக்குறைய 'ம்ரா' என்பதுபோல. சீனத்துக்கு உறவான பர்மியத்தின் பழைய எழுத்து வடிவத்திலும் குதிரை 'ம்ரங்' என்று ரகரத்தோடுதான் இருக்கிறது. பின்னால் போகப் போக நம் சொல்லில் பொருள் விலகுகிறது, அவர்கள் சொல்லில் ஒலி விலகுகிறது. இன்று ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற இரண்டு பேர் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்ததாக நினைப்பது போலத்தான் காணொளிக்காரர்களின் முடிவு.

இதைவிட வேடிக்கையான பொருத்தம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பாபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. 1960களில் அதைப் பதிவு செய்யப் போனவர் மொழியியலாளர் டிக்சன். அந்த மொழியில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலத்திலும் அதேதான்! கடன் வாங்கியதா என்றால் இல்லை. பக்கத்து மொழியான யிடினில் நாய் 'குடக'. ம்பாபரத்தில் பல சொற்கள் முதல் எழுத்தை இழந்திருக்கின்றன. 'குடக'வும் அப்படி முன்னும் பின்னும் தேய்ந்து 'டாக்' ஆகிவிட்டது. ஒலியும் பொருளும் அச்சாகப் பொருந்தியும் உறவு இல்லை.

'மா' விஷயத்தில் இந்த விபத்து நடக்க இன்னும் வசதி. உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடும் ஒலி, அநேகமாக எல்லா மொழியிலும் இருக்கிறது. தமிழில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மாமரம், அரைத்த மாவு, விலங்கு, பெரிய, கரிய, இருபதில் ஒரு பங்கு, வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒன்றான இன்னொரு நில அளவு. சீனத்தில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாற மாற அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நாலு. தமிழில் எழுதும்போது தொனி மறைந்து எல்லாம் ஒரே மா ஆகிவிடுகிறது. இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் நாலு. ஒன்றாவது முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சீனத்தில் கேள்வி வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு 'மா' வரும். 'வருமா, போகலாமா' என்று யாராவது அதையும் இழுத்துவிடுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன்: நம் கேள்விக்கு உரியது ஆகாரம் மட்டும்தான், மகரம் வினைச்சொல்லின் சொத்து.

அம்மாவைப் பற்றி மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தைக்கு முதலில் வாய்க்கும் ஒலிகளைப் பெற்றோர் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் உலகம் முழுக்க மாவும் பாவும். ஜார்ஜிய மொழியில் இது தலைகீழ். அங்கே 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'.

உங்கள் பட்டியலில் எனக்குப் பிடித்தது 'கூடாது'தான். கீதையில் 'மா சுச:' என்று வருகிறதே, வருந்தாதே என்று, அந்த மா. கிரேக்கத்தில் இதே வேலையைச் செய்வது 'மே'. ஆர்மீனியத்தில் 'மி'. இவை மூன்றும் நிஜமாகவே உறவு. ஓரெழுத்துச் சொல்லை நம்பக்கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னவன் இதை மட்டும் எப்படி ஒப்புக்கொள்கிறேன்? சமஸ்கிருத ஆகாரத்துக்குக் கிரேக்கத்தில் ஏகாரம் வருவது இந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை. 'பிதா' அங்கே 'பதேர்'. வைக்கிறேன் என்ற பொருளில் வரும் 'ததாமி' அங்கே 'திதேமி'. ஒரே மாற்றம் சொல்லுக்குச் சொல் திரும்ப வருகிறது. அரபி 'மா'வுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அதற்கு 'என்ன' என்ற பொருளும் உண்டு. எபிரேயத்திலும் 'மா' என்றால் என்ன. அது அரபியும் எபிரேயமும் சேர்ந்த செமித்திய மொழிக் குடும்பத்து வீட்டுப் பிள்ளை.

சரி, தமிழுக்கும் சீனத்துக்கும் நடுவே ஒரு மா கூடப் போகவில்லையா என்றால், போயிருக்கிறது. காணொளிக்காரர்கள் அதை விட்டுவிட்டு ஏன் குதிரையைப் பிடித்தார்கள் என்றுதான் புரியவில்லை. நம் மாங்காய் மலையாளத்தில் 'மாங்ங', மலாயில் 'மங்கா'. 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த போர்த்துகீசியரிடமும் 'மங்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கில 'மேங்கோ'. சொல் கப்பலேறியபோது கூடவே பழமும் ஏறியது. எந்தத் துறைமுகத்தில் எப்படி உருமாறியது என்று படிப்படியாகக் காட்ட முடிகிறது. சீனத்தில் இன்று மாம்பழத்துக்கு 'மாங்குவோ'. அதில் 'குவோ' என்றால் பழம், அவர்கள் சொந்தச் சொல். 'மாங்' மட்டும்தான் பயணம் செய்து வந்தது. அதை எழுத அவர்கள் எடுத்துக்கொண்டது தானியக் கதிரின் கூர்முனையைக் குறிக்கும் எழுத்தை. மாம்பழத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒலி பொருந்தியது, எடுத்துக்கொண்டார்கள்.