சட்டம் கேளுங்கள்: ஒரு மாதக் கணக்கு, சாட்சிக் கொப்பி, காணிக் கடிதம்

கேள்வி: தம்பியைப் பொலிஸார் பிடித்து, மூன்றாம் நாள்தான் நீதவான் முன் கொண்டுபோனார்கள். அடித்தும் இருக்கிறார்கள். அன்றைக்கே பிணை கிடைத்தது. இருபதாம் நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். இப்போது ஆறு வாரமாகிவிட்டது. உயர் நீதிமன்றம் போகக் காலம் கடந்துவிட்டதா?
– சி. ம., சுன்னாகம்

பதில்: கடந்துவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இனி ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம்.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவு இதற்கு ஒரு சலுகை தருகிறது. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. நீங்கள் இருபதாம் நாள் போனீர்கள், ஆகவே கையில் பத்து நாள் அளவில் மிச்சம்.

பலர் தடுக்கி விழுவது 'விசாரணை நிலுவையில்' என்ற சொல்லில்தான். முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும் என உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே நாளைக்கே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் முறைப்பாட்டு இலக்கம், விசாரணைக்கு அழைத்த கடிதம், அடுத்த தவணைத் திகதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். 'பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாய்ப்பேச்சு மனுவோடு இணைக்க உதவாது. அந்தக் கடிதம் வரும்வரை சட்டத்தரணியைப் பார்க்காமல் இருக்கவும் வேண்டாம். ஆணைக்குழு பரிந்துரைதான் செய்யும், தீர்ப்புச் சொல்லாது.

தம்பி இன்னும் மறியலில் இருந்திருந்தால் கணக்கு வேறு. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், தடுத்து வைக்கப்பட்டவருக்கு அந்த ஒரு மாதத்தைத் தடை நீங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் தம்பி மூன்றாம் நாளே வெளியே வந்துவிட்டதால் இதை நம்பியிருக்க முடியாது.

சேர்க்க வேண்டிய கடதாசிகள்: நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, வைத்தியசாலைத் துண்டு, சட்ட வைத்திய அதிகாரி பார்த்திருந்தால் அதன் விபரம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவின்படி சாதாரணக் கைதில், பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இங்கே அது மீறப்பட்டிருக்கிறது என்பதை வழக்கேட்டில் உள்ள திகதியே காட்டிக்கொடுக்கும்.

மனுவோடு இணைக்கும் சத்தியக் கடதாசியில் ஒரு சின்ன விஷயம். இந்துக்கள் 'உறுதி' கூற வேண்டும். 'சத்தியம்' செய்வது கிறிஸ்தவர்களுக்கான வாசகம். பழைய மாதிரியைப் பார்த்துத் தட்டெழுதும்போது இரண்டும் குழம்பிவிடும். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். தம்பிக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டியதாக முடிவுரையில் இருக்க வேண்டும். கையொப்பம் சமாதான நீதவான் முன்னிலையிலேயே வைக்கப்பட வேண்டும், வீட்டில் வைத்துவிட்டுக் கொண்டுபோகக் கூடாது.

அடித்தது தனிக் குற்றமும்கூட. சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஏழு தொடக்கம் பத்து வருடச் சிறை. அதற்கு இந்த ஒரு மாத எல்லை கிடையாது.

கேள்வி: கடை முதலாளி நான்கு மாதச் சம்பளம் தரவில்லை. இது மனித உரிமை மீறல்தானே? ஆணைக்குழுவுக்குப் போகலாமா?
– ஒரு வாசகி, நெல்லியடி

பதில்: அநியாயம்தான். ஆனால் அடிப்படை உரிமை மனுவும் ஆணைக்குழு முறைப்பாடும் அரச நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கே உரியவை. நீங்கள் போக வேண்டிய இடம் தொழில் திணைக்கள அலுவலகம்.

கேள்வி: பல்கலைக்கழகச் சட்டத்துறையில் இயங்கும் மனித உரிமை நிலையம் ஒன்று எங்களுக்காக வழக்குப் பேசுமா?
– க. இ., கொக்குவில்

பதில்: மாணவர் பேச முடியாது. சட்டமாணிப் பட்டம் பெற்றவர்கூட உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யும்வரை நீதிமன்றில் தோன்ற இயலாது. இத்தகைய நிலையங்களின் பெரும் பங்கு ஆய்வும் பயிற்சியுமே. கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தில் 1991இல் தொடங்கிய மனித உரிமைகள் கற்கை நிலையம் இதற்கு நாடறிந்த உதாரணம். ஐ.நா. மீளாய்வுகளுக்கு அறிக்கை எழுதுவதும் இவ்வகை நிலையங்கள் செய்யும் வேலைதான்.

சட்ட உதவிப் பிரிவும் சேர்ந்திருந்தால், உங்கள் கடதாசிகளைத் திகதி வரிசைப்படுத்தி, எந்த மன்றத்துக்கு எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று சொல்லி, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ தனிச் சட்டத்தரணிக்கோ அனுப்பிவைப்பார்கள். வெளியே இதைச் சின்ன வேலை என்பார்கள். ஆனால் காலம் கடந்து போன வழக்குகளில் இல்லாமல் போனது இந்தச் சின்ன வேலைதான்.

போகும்போது ஒன்று கேளுங்கள்: 'இங்கே பொறுப்பான சட்டத்தரணி யார்?' சாட்சியச் சட்டத்தின் 126, 127ஆம் பிரிவுகள் சட்டத்தரணியிடம் சொன்னதையும், அவருடைய எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர் அறிந்ததையும் காக்கின்றன. சட்டத்தரணியின் கீழ் இல்லாமல் ஒரு மாணவர் எழுதிய குறிப்புக்கு அந்தக் காப்பு உண்டு என்று நம்பிவிடக் கூடாது.

கேள்வி: சட்ட மாணவி நான். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் வாக்குமூலம் எடுக்கப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– ந., திருநெல்வேலி

பதில்: கேள்வித்தாளைத் தயாரிக்க முன் பழைய கடதாசிகளைக் கேளுங்கள். அந்த அம்மா பொலிஸிலும், செஞ்சிலுவைச் சங்கத்திடமும், 2010இன் நல்லிணக்க ஆணைக்குழுவிடமும், 2013இன் பரணகம ஆணைக்குழுவிடமும், பிறகு காணாமல் போனோர் அலுவலகத்திடமும் சொல்லியிருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தன் சொல்லில் எழுதியிருப்பார். நீங்கள் எழுதும் ஆறாவது பிரதியில் திகதி ஒரு நாள் தள்ளியிருந்தால், பத்து வருடம் கழித்து அதை வைத்துத்தான் 'முரண்பாடு' என்று குறுக்கு விசாரணை நடக்கும். முன்னைய பிரதிகளை வாசியுங்கள், வேறுபாடு இருந்தால் ஏன் என்று கேட்டு அந்த விளக்கத்தையும் எழுதுங்கள். திருத்தி ஒன்றாக்க வேண்டாம்.

திகதி நினைவில்லாதவரை நெருக்காதீர்கள். 'நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னா, பின்னா?', '1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எத்தனையாவது மழைக்காலம்?' என்று கேட்டால் ஓரளவு நெருங்கலாம். அப்படிக் கிடைத்ததை 'ஏறத்தாழ' என்றே எழுதுங்கள்.

கண்டதையும் கேட்டதையும் வேறு பந்திகளில் வையுங்கள். 'ஆமிக்காரர் கொண்டுபோனது' என்றால்: நீங்கள் பார்த்தீர்களா, யார் சொன்னது, சொன்னவர் இப்போது எங்கே? அவர் சொன்ன தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு வந்து பிறகு தமிழாக்கினால் 'பிடிச்சது', 'கூப்பிட்டது', 'ஒப்படைச்சம்' மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். கையளித்த பிள்ளைக்கும் பிடிபட்ட பிள்ளைக்கும் சட்டத்தில் வித்தியாசம் பெரிது.

சம்மதத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: பதிவில் வைக்க, வழக்கில் பயன்படுத்த, பெயரோடு வெளியிட. முதலாவதற்கு ஓம் என்றவர் மூன்றாவதற்கு மாட்டேன் என்பது வழமை. பெயர்ப் பட்டியலை வேறு கொப்பியிலும் வாக்குமூலத்தை இலக்கமிட்டும் வையுங்கள். அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுக்காமல் எழும்ப வேண்டாம்.

கேள்வி: வலிகாமம் வடக்கில் எங்கள் காணி இராணுவத்திடம் இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் என்று யாரும் சொல்லவில்லை. தகவல் அறியும் விண்ணப்பம் யாருக்குப் போட வேண்டும்?
– பெயர் வேண்டாம், மருதனார்மடம்

பதில்: இராணுவத்தைவிட, முதலில் பிரதேச செயலகத்துக்குப் போடுங்கள். காணி எடுத்தல் சட்டத்தில் எடுக்கும் அலுவலர் பிரதேச செயலாளர்தான், ஆகவே கோப்பு அங்கே இருக்க வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல் (காணி தேவைப்படுகிறது என்பது), 4ஆம் பிரிவு அறிவித்தல் (எடுக்க உத்தேசம் என்பது), 38ஆம் பிரிவுக் கட்டளை (உடைமை எடுப்பது), வரைபடம் ஆகிய நான்கின் பிரதியையும் தனித்தனியே கேளுங்கள். 'காணி பற்றிய சகல விபரமும்' என்று எழுதினால் சகலமும் இல்லை என்ற பதில்தான் வரும். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டது. உங்கள் துண்டு அதற்குள்ளா, வெளியேயா என்றும் கேளுங்கள். 'அப்படி ஒரு அறிவித்தல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் ஏமாற வேண்டாம். அதிகாரமில்லாமல் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல கடதாசி கிடைக்காது.

காரணம் சொல்லத் தேவையில்லை, பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் ஆணைக்குழுவுக்கும் போகலாம். 'தேசிய பாதுகாப்பு' என்று மறுப்பார்கள். பொதுநலன் மேலோங்கினால் கொடுக்க வேண்டும் என்று சொல்லும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவை மேன்முறையீட்டில் குறிப்பிடுங்கள்.

விண்ணப்பத்தில் பரப்பளவைக் கவனமாக எழுதுங்கள். உங்கள் காணி உறுதியில் பரப்பு, குழி என்றிருக்கும். அரச வரைபடத்தில் ஏக்கர், பேர்ச். வரகுக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். நெற்கணக்கில் 24 பரப்பு ஒரு ஏக்கர். உறுதியில் எந்தக் கணக்கு என்று பாராமல் மாற்றினால் மூன்றிலொரு பங்கு காணி கடதாசியிலேயே பிழைத்துப் போகும். பிறகு 'அந்த அளவில் காணி இல்லை' என்ற பதிலோடு கோப்பு மூடப்படும்.