98,000 மைல் ஓடிய அக்யூரா வாங்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து வேலைக்காக அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 2015 அக்யூரா டிஎல்எக்ஸ், வி6. 98,000 மைல் ஓடியிருக்கு. லெதர் சீட், சன்ரூஃப், பெயின்டில் ஒரு கீறல் இல்லை. விலையும் ஹோண்டா அக்கார்டு விலைதான். 'செகண்ட் ஹேண்டில் சொகுசு வண்டியா, வேண்டவே வேண்டாம்' என்கிறார் அப்பா. என்ன செய்ய?"

வாங்கலாம் தம்பி. அப்பா பயப்படுவது பென்ஸ், பி.எம்.டபிள்யூ. ரிப்பேர் செலவை நினைத்து. அக்யூரா ஹோண்டாவுடையது, நீங்கள் சொல்லும் வண்டியே கொலம்பஸுக்குப் பக்கத்தில் மேரிஸ்வில் தொழிற்சாலையில் செய்ததுதான். ஹோண்டா பார்க்கத் தெரிந்த மெக்கானிக் யாரும் இதையும் பார்ப்பார்.

ஆனால் லெதரையும் சன்ரூஃபையும் கொஞ்சம் மறந்துவிட்டு (பிப்ரவரியில் சன்ரூஃபை ஒரு தடவை திறந்தால் அப்புறம் அந்தப் பக்கமே கை போகாது) அந்த 98,000-த்தைப் பாருங்கள். வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து அசைய வைப்பது சில எஞ்சினில் டைமிங் செயின், சிலதில் பெல்ட். இந்த வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சினில் செயின் கிடையாது, பெல்ட். சுமார் ஒரு லட்சம் மைலில் மாற்றியாக வேண்டும்; குறைவாக ஓடியிருந்தாலும் வருஷக் கணக்கில் பெல்ட் தளர்ந்துபோகும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் கண்டம். பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் எல்லாம் சேர்த்து மாற்ற வெளி மெக்கானிக்கிடமே ஆயிரம் டாலர் பக்கம் வரும், டீலரிடம் இன்னும் மேலே. அந்தச் செலவு தலையில் விழும் முன்னே வண்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் ஆள் அப்படித்தான் என்று சொல்லவில்லை. பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "சர்வீஸ் எல்லாம் கரெக்டா பண்ணியிருக்கேன்" என்று மழுப்பினால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துரு. காசிமேட்டுக் கடல் காற்றில் பைக் சைலன்சரும் ஜன்னல் கம்பியும் என்ன கதியாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே கடல் இல்லை, ஆனால் பனி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் பிரேக் பைப்பும், எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சப்ஃப்ரேமும் அரித்துப் போயிருக்கும். அடிப்பகுதியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு, இருநூறு டாலர் ஆகும், ஆகட்டும். "எதுக்கு சார் அதெல்லாம்" என்று விற்பவர் தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதில் இருப்பது 9 கியர் ஆட்டோமேட்டிக். ஆரம்ப வருஷ வண்டிகளில் கியர் மாறும்போது உதறுகிறது என்ற புகார் நிறைய வந்து, சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்தார்கள். அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ரோட்டிலும் ஓட்டுங்கள், ஹைவே மட்டும் போதாது. இருபது டாலர் ஸ்கேனர் ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் சொருகுங்கள். 'செக் எஞ்சின்' லைட் எரியாமலிருந்தும் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள்) பல 'நாட் ரெடி', அதாவது இன்னும் முடியவில்லை, என்று காட்டினால், யாரோ சமீபத்தில் பழுதுக் குறியீட்டை அழித்திருக்கலாம், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். காரணம் தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால், கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும் ரீகால் பாக்கி தெரியும். அதே நம்பரை வைத்து இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே ஓட்டிய ஹிஸ்டரி இல்லாத நமக்குப் பிரீமியம் பெரும்பாலும் எகிறும். வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் 'சால்வேஜ்' (பெரிய சேதத்தால் கழித்துக் கட்டியது), 'ரீபில்ட்' (அப்படிப்பட்டதைச் சரிசெய்தது) என்று இருந்தால் தொடவே வேண்டாம். ஒஹாயோவில் விற்பவர் டைட்டிலில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் பணம் கைமாறக் கூடாது.

அடிப்பகுதி சுத்தமாக இருந்து பெல்ட் ரசீதும் இருந்தால் கேட்ட விலை நியாயம்தான். ரசீது இல்லையென்றால் ஆயிரம் டாலர் குறைத்துக் கேளுங்கள். அவர் இறங்கி வரவில்லை என்றால் அதே பணத்தில் 2013, 2014 லெக்ஸஸ் (டொயோட்டாவுடையது) இஎஸ் 350 ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். மைல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஓட்ட அவ்வளவு விறுவிறுப்பும் இருக்காது. ஆனால் அதில் செயின், இந்த பெல்ட் செலவே இல்லை. அக்யூராவுக்குச் சொல்கிற பிரீமியம் பெட்ரோலும் வேண்டாம், சாதாரணமே போதும்.