மழை வந்தால் சாக்கடை ஏன் பொங்குகிறது? உள்ளாட்சிப் பணிகள் குறித்த கேள்வி-பதில்

மழை இல்லாத நாளில் எங்கள் தெருப் பாதாளச் சாக்கடையில் ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் மழை அடித்தால் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்குகிறது. பெரிய குழாய் போடச் சொல்லி மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் இதில் குழாயின் அளவின் மேல் தப்பு இருப்பது அபூர்வம். மழைநீர் வடிகாலுக்குப் போகவேண்டிய தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குள் நுழைகிறது, அவ்வளவுதான்.

100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. மழை விழுந்தால் 2,500 லிட்டர். நான்கு பேர் இருக்கும் வீடு, ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால், நாள் முழுக்க வெளியேற்றுவது 600 லிட்டர். மாடிக் குழாயைச் சாக்கடையோடு இணைத்துவிட்ட ஒரே ஒரு வீடு, நான்கு நாள் கழிவுநீரை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிடுகிறது. தெருவில் பல வீடுகள் இப்படி இருந்தால் தெருக் குழாய் திணறிவிடும். தேவைக்கு மேல் பெரிய குழாய் போட்டாலும் வம்புதான்: வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் மண்ணும் கசடும் அடித்துச் செல்லப்படும். பெரிய குழாயில் சாதாரண நாளின் ஓட்டம் அந்த வேகத்தை எட்டாது. கசடு அடியில் தங்கி, அடைப்பு உங்கள் தெருவிலேயே நிரந்தரமாகக் குடியேறும்.

மனுவில் ஒரு சிறு அட்டவணையைச் சேருங்கள்: மழை எப்போது தொடங்கியது, எப்போது பொங்கியது, எப்போது அடங்கியது. மழை தொடங்கிய சில நிமிடங்களில் பொங்கினால் மாடிக் குழாய், முற்றத்து வடிகால், தாழ்வான மேன்ஹோல் மூடி ஆகியவற்றில் ஒன்று காரணம். சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மழை விட்ட பிறகும் நாள் கணக்கில் நீடித்தால், விரிசல் வழியாகவும் வேர் நுழைந்த இணைப்புகள் வழியாகவும் நிலத்தடி நீர் கசிகிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதைப் புகைச் சோதனை காட்டிக்கொடுக்கும்: மேன்ஹோலில் தீங்கற்ற புகையை ஊதினால் தவறாக இணைத்த வீட்டின் மாடிக் குழாயில் அது எட்டிப்பார்க்கும். சந்தேகம் மிச்சமிருந்தால் மாடிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி, கீழ்ப்புற மேன்ஹோலில் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவதுக்கு, ஊர் உறங்கும் நள்ளிரவு 2 முதல் 4 மணிக்குள் ஓட்டத்தை அளக்க வேண்டும். அந்நேரத்தில் தெளிந்த தண்ணீர் தாராளமாக ஓடினால் அது வீட்டுக் கழிவு அல்ல. பிறகு குழாய்க்குள் கேமரா விட்டு இடத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

உள்ளாட்சி சபைக்கு வரும் சிக்கல்களில் பல, கலக்கக் கூடாதவை கலப்பதால் வருகிறவை. கீழே உள்ள கேள்விகளிலும் அது தெரியும். ஒன்று மட்டும்: மேன்ஹோல் மூடியை நீங்களே திறக்காதீர்கள். சாக்கடையில் உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று குனிபவர் எழுவதில்லை.

குழாயில் காலையில் முதலில் பழுப்புத் தண்ணீர் வருகிறது. சில நாள் குளோரின் நெடி. குடிக்கலாமா?

பழுப்பு நிறம் பெரும்பாலும் குழாய்ச் சுவரில் படிந்த இரும்பும் மாங்கனீசும். ஓட்டத்தின் திசையோ வேகமோ மாறும்போது அது பெயர்ந்து வரும். மீட்டருக்கு மிக அருகிலுள்ள குழாயைத் திறந்து தெளியும்வரை விடுங்கள்; அதுவரை குடிக்கவோ வெள்ளைத் துணி துவைக்கவோ வேண்டாம். தெளியவே இல்லை, அல்லது சாக்கடை வாடை இருக்கிறது என்றால் கதை வேறு. சப்ளை நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியாக வெளி நீர் உறிஞ்சப்பட்டிருக்கலாம். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பவர்கள் இதே வேலையைத் தினமும் செய்கிறார்கள். அன்றே புகார் செய்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

குளோரின் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின், அதாவது செலவானது போக நீரில் மிஞ்சும் குளோரின், இருந்தாக வேண்டும். லேசான நெடி நல்ல செய்தி. கண்ணைக் கரிக்கும் நெடி என்றால், குளோரின் கழிவுப் பொருளோடு சேர்ந்து செலவாகிக்கொண்டிருக்கலாம்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது?

முதலில் கலங்கலை இறைத்து வெளியேற்றுங்கள். சேற்று நீரில் போடும் மருந்தைச் சேறே தின்றுவிடும். புது நீர் ஊறித் தெளிந்ததும் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்: 3.14 × ஆரம் × ஆரம் × நீரின் ஆழம், எல்லாம் மீட்டரில். 2 மீட்டர் அகலக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் என்றால் 12.56 கன மீட்டர், அதாவது 12,560 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடர் வழக்கமான அளவு. இந்தக் கிணற்றுக்கு ஏறத்தாழ 31 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு இது போதாமல் போகலாம், ஆகவே சோதித்து முடிவு செய்ய வேண்டும்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் விட்டால் நீர் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து குளோரின் சோதனைப் பெட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். குறைந்தால் மறுபடி போடுங்கள். பலர் கோட்டை விடுவது பவுடரின் வயதில்: திறந்து வைத்த பை சில வாரங்களில் வலுவிழந்துவிடும்.

மக்கும் குப்பைத் தொட்டியை எடுக்காமல் விட்டுச் சென்றுவிட்டார்கள். ஏன்?

உள்ளே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரிந்திருக்கும். உரக்குவியல் 55 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நோய்க்கிருமிகள் சாகும், கண்ணாடித் துண்டு சாகாது. 'மக்கும்' என்று அச்சிட்ட பைகளிலும் பல, ஆலைச் சூட்டில்தான் மக்கும். சபை ஏற்கும் பட்டியலைப் பாருங்கள். பேட்டரியை எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பையை அமுக்கும் லாரியில் லித்தியம் பேட்டரி நசுங்கித் தீப்பிடிப்பது இப்போது எங்கும் நடக்கிற விபத்து.

கொசுப்புகை அடித்தும் கொசு குறையவில்லையே?

புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். முட்டை முதல் கொசு வரை வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாள். வாரம் ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும்.

ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரைப் பிடித்து வைத்தால் ஆதாரமாகுமா?

ஆகும், முறையாகப் பிடித்தால். முதலில் சபையின் மாசு அவசர எண்ணுக்கு அழையுங்கள், ஏனென்றால் முக்கிய ஆதாரமான கரைந்த ஆக்சிஜனைப் பாட்டிலில் எடுத்துச் செல்ல முடியாது; ஆற்றிலேயே அளக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நலம், 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் பிழைக்காது. பாசி மண்டிய ஆற்றில் அளவு மிகவும் இறங்குவது விடியலுக்குச் சற்று முன். மதியம் வந்து அளப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அதனால் மீன்களைப் பார்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கையுறை அணிந்து, சுத்தமான பாட்டிலை அந்த நீரிலேயே மூன்று முறை அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, நேரமும் இடமும் எழுதி, உறையாமல் குளிர்ச்சியில் வையுங்கள். பிறகு கரையோரமாக, தண்ணீர் வரும் திசையை நோக்கி நடந்து, மீன் சாகாத முதல் இடத்திலும் ஒரு பாட்டில் பிடியுங்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஆற்றில் வந்து சேரும் ஒவ்வொரு குழாய்வாயையும் படம் எடுங்கள், காய்ந்து கிடந்தாலும் சரி.