மாமனார் வைத்துவிட்டுப் போன ஏடி அண்ட் டி பங்குகள்: விற்றால் வரி எவ்வளவு?

கேள்வி: என் மாமனார் 1970-களில் நியூ ஜெர்சிக்கு வந்து, ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க போன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸில் வேலை பார்த்தவர். மாமியார் முன்பே போய்விட்டார், இவர் போன வருடம் தவறிவிட்டார். வீட்டைக் காலி செய்தபோது 1983-க்கு முன் வாங்கிய 100 ஏடி அண்ட் டி பங்குகளின் காகிதப் பத்திரமும், நைனெக்ஸ், சவுத்வெஸ்டர்ன் பெல் என்று 10, 10 பங்குகளுக்கு வேறு பத்திரங்களும் கிடைத்தன. உயிலில் என் கணவருக்கும் சென்னையில் இருக்கும் நாத்தனாருக்கும் சரிபாதி. என்ன விலைக்கு வாங்கினார் என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. இதற்கெல்லாம் இன்னும் மதிப்பு உண்டா? விற்றால் வரி எப்படி?
- எடிசன் வாசகி

பதில்: மதிப்பு உண்டு, எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாங்கிய விலை உங்கள் கணவருக்குத் தேவையே இல்லை. அமெரிக்க வரிச் சட்டப்படி வாரிசாக வந்த பங்குக்கு அடக்க விலை (ஆதாயத்தைக் கணக்கிட விற்ற விலையில் கழிக்கும் தொகை), இறந்தவர் காலமான நாளின் சந்தை விலைதான். மறுவாரமே விற்றாலும் வரி குறைவான நீண்டகால ஆதாயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால்தான் வம்பு, பழைய விலையும் கூடவே வந்திருக்கும், நீங்கள் நாற்பது வருடக் கணக்கைத் தோண்டிக்கொண்டு இருப்பீர்கள்.

அந்தக் கணக்கு லேசுப்பட்டதில்லை. அமெரிக்க அரசு 1974-இல் ஏடி அண்ட் டி மீது ஏகபோக வழக்குப் போட்டது, 1982 ஜனவரியில் சமரசம் ஆனது, நீதிபதி ஹெரால்ட் கிரீன் மேற்பார்வையில் 1984 ஜனவரி 1 அன்று கம்பெனி பிரிந்தது. உள்ளூர் போன் சேவை ஏழு வட்டாரக் கம்பெனிகளுக்குப் போக, வெளியூர் அழைப்பும் தொழிற்சாலையும் பெல் லேப்ஸும் தாய்க் கம்பெனியிடமே நின்றன. பழைய பங்கு 10 வைத்திருந்தவருக்கு, அது கையில் இருக்கவே, ஏழிலும் ஒவ்வொரு பங்கு கிடைத்தது. அப்படி வந்தவைதான் அந்தப் பத்துப் பத்துப் பங்குகள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தாய்க் கம்பெனியின் 100 பங்கு 1999-இல் 150 ஆனது, 2002-இல் ஐந்தை ஒன்றாக்கியதில் 30 ஆகச் சுருங்கியது, 2005-இல் எஸ்பிசி வாங்கியபோது சுமார் 23 ஆனது. அந்த எஸ்பிசி வேறு யாருமில்லை, பழைய சவுத்வெஸ்டர்ன் பெல்தான்! அம்மாவை விலைக்கு வாங்கி அம்மா பெயரையே வைத்துக்கொண்டது. 1987, 1993, 1998 என்று மூன்று முறை பங்கைப் பிரித்ததில் அதன் 10 பங்கு 120 ஆகியிருந்தது. ஆக, ஒரே கம்பெனியில் இன்றைக்கு 100-க்கு 23, 10-க்கு 120. (இடையில் தாய்க் கம்பெனி லூசென்ட், என்சிஆர், வயர்லெஸ், காம்காஸ்ட் என்று பிரித்துக் கொடுத்த பங்குகள் தனி.) நைனெக்ஸ் இப்போது வெரைசன் என்ற போன் கம்பெனிக்குள் இருக்கிறது.

அதனால் பத்திரத்தில் அச்சான எண்ணை நம்பாதீர்கள், கம்பெனிப் பதிவேட்டில் இருப்பதுதான் கணக்கு. மாமனாரின் கடைசி சில வருட வருமான வரிப் படிவங்களில் டிவிடெண்ட் பட்டியலைப் பாருங்கள், எந்தக் கம்பெனி பணம் அனுப்பிக்கொண்டிருந்ததோ அந்தப் பங்கு உயிரோடு இருக்கிறது. பட்டியலில் இல்லாதவை, முகவரி மாற்றத்திலோ காசாக்காத செக்கிலோ தொலைந்து மாநில அரசின் கேட்பாரற்ற சொத்துக் கணக்குக்குப் போயிருக்கலாம். நியூ ஜெர்சி இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், முன்பு வேறு மாநிலத்தில் குடியிருந்தால் அங்கேயும். முக்கியமாக ஏடி அண்ட் டி வயர்லெஸ்: 2004-இல் அதைப் பங்குக்கு 15 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள், அந்தப் பணம் எங்காவது முடங்கிக் கிடக்கலாம்.

இப்போது நாத்தனார். அவருக்குத்தான் உண்மையான சிக்கல். இந்தியச் சட்டத்தில் வாரிசுப் பங்குக்கு இறந்த நாள் விலை கிடையாது, மாமனார் வாங்கிய விலைதான். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்பதால் அன்றைய சந்தை விலையை எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஆனாலும் அதற்குப் பின் நடந்த பிரிவினை, இணைப்பு எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். வருடா வருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்டவும் வேண்டும், மறந்தால் அபராதம் 10 லட்சம் வரை போகும்.

எனவே பங்காகப் பிரிக்காதீர்கள். மாமனாரின் எஸ்டேட் (அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து) பெயரிலேயே புரோக்கர் கணக்கு திறந்து, பங்குகளை அதற்கு மாற்றி, அங்கேயே விற்றுப் பணமாகப் பிரியுங்கள். அமெரிக்காவில் ஆதாயம் சொற்பம்தான் இருக்கும், நாத்தனாருக்குப் போவதும் வாரிசுப் பணமாகப் போகும். விற்பதற்கு முன் அவருடைய சென்னை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இறப்புச் சான்றிதழ், உயிலை நிறைவேற்றுபவர் என்ற நீதிமன்ற ஆவணம், வங்கியில் மெடாலியன் முத்திரை (கையெழுத்து உண்மை என்று வங்கி தரும் உத்தரவாதம்), இந்த மூன்றும் தேவைப்படும். மூன்றாவதற்கு நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கே போங்கள், புது ஆளுக்குப் பெரும்பாலும் போட்டுத் தர மாட்டார்கள்.