46 வயதில் எண்டோமெட்ரியோசிஸ்: ஒரு ஸ்கேன் போதுமா?

சகோதரி, ஒரே ஸ்கேனை வைத்து எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்று சொல்லி, 46 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுக்கச் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த ரிப்போர்ட்டை வரிவரியாகப் படியுங்கள். சினைப்பையில் ‘சாக்லேட் கட்டி’ (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) என்று இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்று அவர்கள் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. கர்ப்பப்பைச் சுவர் தடித்திருக்கிறது என்று மட்டும் இருந்தால் அடினோமயோசிஸாக இருக்கலாம், அதாவது அந்தத் திசு கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே வளர்வது. நாற்பதுகளில் அது சகஜம், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். குழப்பம் தீராவிட்டால் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா வழியே பார்ப்பது).

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில், இந்தத் திசுவைத் தூண்டும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறையாது, ஏறி ஏறி இறங்கும். வலி திடீரென்று கூடுவது அதனாலும் இருக்கலாம். நின்ற பிறகு பெரும்பாலோருக்குத் தணியும். அதுவரை டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள்.

சினைப்பைகளை எடுத்தால் உடனே மெனோபாஸ்தான், எலும்பும் பலவீனமாகும். அப்புறம் எந்த ஹார்மோன் தருவார்கள் என்பதை அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். உள்ளே நோய்த் திசு மிச்சம் இருந்தால், ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுப்பது அதைத் திரும்பத் தூண்டக்கூடும். உதிரப்போக்கு தாறுமாறாக இருக்கிறதா? அப்படியானால் கர்ப்பப்பை உள்சவ்வுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.