பூமி கிட்டே வருவதால் கோடை வருவதில்லை

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், "பூமி சூரியனுக்குக் கிட்டே போகும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர்காலம்" என்று சொல்லிக்கொடுத்தேன். "அப்போ பூமியின் ஒரு பாதியில் கோடை நடக்கும்போது இன்னொரு பாதியில் எப்படிக் குளிர்காலம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. குளோபில் போட்டிருக்கும் கோடுகளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை அவை மனப்பாடம் செய்யத்தானா? வீட்டிலேயே செய்து காட்ட வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தில் கேட்டிருக்கிறாள். தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுவதற்கும் ஒரே நேரத்தில் கோடை வந்தாக வேண்டும். அந்த ஒரு கேள்வியிலேயே தூரக் கணக்கு அடிபட்டுப் போகிறது. அவளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில். மிகத் தள்ளி இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. ஆனால் வடபாதிக்கு ஜனவரி குளிர்காலம், ஜூலை கோடை. உங்கள் விளக்கத்துக்கு நேர் எதிர்!

பூமிக்கு இரண்டு அசைவுகள். தன்னைத்தானே மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிக்கொள்வது ஒன்று. இரவும் பகலும் இதனால் வருகின்றன. சூரியனை ஆண்டுக்கு ஒருமுறை வலம் வருவது இன்னொன்று. இது எல்லாருக்கும் தெரியும். பலரும் கவனிக்காமல் விடுவது, பூமியின் அச்சு நிமிர்ந்து நிற்கவில்லை, 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதைத்தான். அதைவிட முக்கியம், வருடம் முழுவதும் அது ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது. அச்சின் வடமுனை எப்போதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே காட்டுகிறது. "கோடையில் இந்தப் பக்கம் சாயும், குளிரில் அந்தப் பக்கம் சாயும்" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. அச்சு அசைவதில்லை, பூமி இடம் மாறுவதால் அதே சாய்வு சூரியனுக்கு வேறு விதமாக அமைகிறது.

சரி, செய்து காட்டுவோம். எழுதினால் அழிக்க முடிகிற ஒரு வெளிர் நிறப் பந்து, அதன் நடுவே குத்த ஒரு நீளமான ஊசி, மூடி இல்லாத ஒரு விளக்கு, இருட்டான அறை. இவை போதும். விளக்கை அறையின் நடுவில் வையுங்கள். பந்தின் நடுப்பகுதியும் விளக்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சுவரில் காகித நட்சத்திரம் ஒட்டுங்கள். அதுதான் துருவ நட்சத்திரம். ஊசியின் மேல்முனை எப்போதும் அந்தச் சுவரின் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு, செங்கோணத்தில் கால்பங்கைவிடச் சற்றே அதிகம். பந்தில் இரண்டு வட்டங்கள் போடுங்கள்: சரியாக நடுவில் ஒன்று, அதற்கும் மேல்முனைக்கும் ஏறக்குறைய நடுவில் இன்னொன்று.

நட்சத்திரச் சுவருக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். விளக்கு உங்களுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் இருக்கும். ஊசி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். இது ஜூன் 21. இப்போது மேல் வட்டத்தை மட்டும் பாருங்கள். அதில் பாதிக்கு மேல், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, வெளிச்சத்தில் இருக்கும். அந்த வட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்திப் பந்தைச் சுழற்றினால், குண்டூசி வெளிச்சத்தில் அதிக நேரமும் இருட்டில் குறைந்த நேரமும் இருக்கும். நிஜப் பூமியில் 50 டிகிரி வடக்கில் அன்றைக்குப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். நடு வட்டமோ எப்போதும் சரிபாதி; நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமாக இருப்பது இதனால்தான்.

அடுத்ததை அவள் கையாலேயே செய்யட்டும். விளக்குக்கு நேர் எதிரே, விளக்கின் உயரத்திலேயே, பேனா முனையைப் பந்தின்மேல் தொட்டு அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஊசியைப் பிடித்துப் பந்தை ஒரு சுற்றுச் சுழற்றுங்கள். பேனா தானாகவே ஒரு வட்டம் போட்டுவிடும். அதுதான் கடகரேகை! ஜூன் 21 அன்று சூரியன் நேர் உச்சியில் வரும் இடங்களின் வரிசை. 23.4 டிகிரி வடக்கில் அது இருப்பதற்குக் காரணம், சாய்வு 23.4 டிகிரி என்பதுதான். அதே நிலையில் மேல்முனையைச் சுற்றி ஒரு பகுதி இருட்டுக்குள் போகவே போகாது. அதன் எல்லைதான் ஆர்க்டிக் வட்டம். 90-லிருந்து 23.4-ஐக் கழித்தால் 66.6, அதன் இடம் அதுவே.

இப்போது பந்தை எடுத்துக்கொண்டு விளக்கைப் பாதி சுற்றி, நட்சத்திரச் சுவரின் பக்கம் வாருங்கள். இங்கேதான் தவறு நடக்கும். நடந்துவரும்போது நம்மை அறியாமல் கை திரும்பி, ஊசி மறுபடியும் விளக்கின் பக்கமே சாய்ந்துவிடும். அப்படிச் செய்தால் வருடம் முழுக்கக் கோடைதான் வரும். ஊசி நட்சத்திரச் சுவரையே பார்த்திருந்தால், இப்போது அது விளக்குக்கு முதுகு காட்டும். இது டிசம்பர் 21. மேல் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே வெளிச்சம். பேனாவை முன்போலவே பிடித்தால் மகரரேகை வந்துவிடும். தென்பாதிக்கு இப்போது கோடை. உங்கள் மகள் கேட்ட கேள்விக்கான பதில் இதோ அவள் கண்முன்னே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவழியில், மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில், சாய்வு பக்கவாட்டில் போய்விடும்; எல்லா வட்டத்திலும் வெளிச்சம் சரிபாதி.

பகல் நீளம் பாதிக் காரணம்தான். வெளிச்சம் விழும் கோணம் மீதி. டார்ச்சைத் தாளின்மேல் நேராக அடித்து, விழும் வட்டத்தைக் கோடு போட்டுக் குறியுங்கள். அப்புறம் அதே தூரத்திலிருந்து தாளுக்கு 30 டிகிரிச் சரிவில் அடியுங்கள். அதே வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தில் பரவி மங்கிப்போகும். 50 டிகிரி வடக்கில் ஜூன் நண்பகலில் சூரியன் 63 டிகிரி உயரத்தில், டிசம்பர் நண்பகலில் 17 டிகிரிக்கும் கீழே. ஒரு சதுர அடி நிலத்துக்குக் கிடைக்கும் வெயில், டிசம்பரைவிட ஜூனில் சுமார் மூன்று மடங்கு. ஜனவரியில் சூரியன் கிட்டே இருப்பதால் பூமிக்குக் கூடுதலாகக் கிடைப்பது 7 சதவீதம்தான். மூன்று மடங்குக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

ஆக, அந்தக் கோடுகள் மனப்பாடத்துக்காகப் போட்டவை அல்ல. நிலநடுக்கோடு பூமியின் சுழற்சியால் அமைந்தது; கடகம், மகரம், இரண்டு துருவ வட்டங்கள் ஆகிய நான்கும் சாய்வால் அமைந்தவை. யாரும் வரையாவிட்டாலும் அவை அங்கேதான் இருக்கும். (கடகம் என்ற பெயர் மட்டும் பழையது. அந்தப் பெயர் வைத்த காலத்தில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், ஜூன் 21-ல் சூரியன் கடக ராசியில் தெரிந்தது. அச்சு மிக மெதுவாக, 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தலையாட்டுவதால், இன்று அது மிதுனமும் ரிஷபமும் சந்திக்கும் இடத்தருகே தெரிகிறது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அச்சு நகரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.)

தீர்க்கரேகைகளின் கதை வேறு. முனைக்கு முனை போகும் இந்தக் கோடுகளில் எதை வேண்டுமானாலும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். கிரீன்விச் வழியாகப் போகும் கோட்டை 1884-ல் வாஷிங்டனில் கூடிய மாநாடு தேர்ந்தெடுத்தது. இவற்றின் வேலை நேரம் சொல்வது. 360 டிகிரி சுழல 24 மணி நேரம் என்றால் மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். பருவத்துக்கும் தீர்க்கரேகைக்கும் சம்பந்தமே இல்லை.

அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று ஊகிக்க முடிகிறது: "ஜூன் 21-தான் நீளமான பகல் என்றால், பல ஊர்களில் அதற்கப்புறம்தானே வெயில் உச்சத்துக்குப் போகிறது?" அடுப்பை ஏற்றியதும் தண்ணீர் கொதித்துவிடுவதில்லை அல்லவா? நிலமும் கடலும் சூடேற வாரக்கணக்கில் ஆகும். மழை, மேகம், காற்று ஆகியவையும் சேர்ந்துகொண்டு சில இடங்களில் உச்சத்தை முன்னே பின்னே தள்ளும்.

இன்னொரு வேலை, மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22 வாக்கில் செய்ய வேண்டியது. ஒரு மீட்டர் குச்சியைச் சமதளத்தில் செங்குத்தாக நட்டு, அன்றைக்கு நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். கடிகாரத்தின் 12 மணியை நம்பவேண்டாம்; முன்னும் பின்னும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து மிகக் குறைந்ததை எடுங்கள். தாளில் குச்சிக்கு 10 செ.மீ. செங்குத்துக் கோடு, நிழலுக்கு அதே விகிதத்தில் படுக்கைக் கோடு. இரண்டின் வெளி முனைகளையும் இணைத்து, குச்சியின் உச்சியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். நிழல் 36 செ.மீ. என்றால் கோணம் 20 டிகிரி வரும். அந்தக் கோணம்தான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. குளோபில் அந்தக் கோட்டை அவளே தேடிப் பார்க்கட்டும்.