பைபாஸில் நெஞ்சிலிருந்து எடுத்த குழாய் நன்றாக இருக்க, கால் நரம்பு மட்டும் ஏன் அடைத்துக்கொள்கிறது?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு ஏழு வருடத்துக்கு முன் பைபாஸ் நடந்து மூன்று குழாய் வைத்திருக்கிறார்கள். இப்போது ஆஞ்சியோவில் கால் நரம்பு ஒன்று அடைத்திருக்கிறது. "டாக்டர் சரியாகச் செய்யவில்லையா?" என்று கேட்கிறார்.

பதினொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் கால் நரம்பு எடுத்துக் கொடுத்தவன் நான். நரம்பு என்பது பேச்சுக்குத்தான். அது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். வார்டில் போய் சிரை என்றால் யாருக்கும் புரியாது, அதனால் எனக்கும் அது நரம்பாகவே ஆகிவிட்டது.

விஷயம் குழாயின் உள்தோலில் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். கனம் ஒரே ஒரு செல். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி, அதற்குப் பெரிதாக வேலை இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து அது தப்பு என்று காட்டினார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டால் துண்டு தளர வேண்டும். உள்பக்கம் உரசி அந்தத் தோல் போன துண்டோ தளரவே இல்லை. அந்தத் தோலிலிருந்து வருவது நைட்ரிக் ஆக்சைடு வாயு என்பது பிறகு தெரிந்தது. 1998இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல். குழாயை இறுகாமல் வைப்பதும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இந்த வாயுதான்.

இப்போது தியேட்டருக்கு வாருங்கள். நரம்பைத் தொட்டு இழுத்தாலே கோபித்துக்கொண்டு நூல் மாதிரி சுருங்கிவிடும். கிளைகளை எல்லாம் கட்டிவிட்டு, ஒரு முனையில் சிரிஞ்சு மாட்டி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க சலைன் ஏற்றுவோம். சுருக்கம் விடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்துவோம். தப்பு அங்கேதான். நம் பிபி 120 என்றால், கையால் அழுத்தும் சிரிஞ்சில் 300 தாண்டுவது சாதாரணம். உள்தோல் கிழிந்து உரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நரம்பு பளபளவென்று புடைத்து அழகாகத்தான் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் அப்படிப் புடைக்க வைத்துப் பெருமையாக நீட்டினேன். சர்ஜன் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, இது சைக்கிள் டியூப் இல்லை" என்றார்.

உரிந்த இடத்தில் முதல் மாதத்தில் ரத்தம் உறையலாம். அப்புறம் உள்சுவர் தடிக்கும். தமனியின், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயின், அழுத்தம் நரம்புக்குப் பழக்கமே இல்லை, அதுவும் சேர்ந்துகொள்ளும். வருடங்கள் போனால் தடித்த இடத்தில் கொழுப்பு. நெஞ்சுக் குழாய்க்கு இந்தப் பாடு கிடையாது. பெரும்பாலும் மேல்முனையை வெட்டாமல், கீழ்முனையை மட்டும் இதயத்தின் குழாயில் தைப்பார்கள். சொந்த ரத்தம் நிற்காமல் ஓடும். பிறவியிலேயே அது தமனி, நைட்ரிக் ஆக்சைடும் அதிகம் சுரக்கும்.

ஸ்வீடனில் எரெப்ரூ ஊரில் டொமிங்கோஸ் சோசா என்ற சர்ஜன் நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்போடு, சிரிஞ்சால் புடைக்க வைக்காமல் எடுத்துப் பார்த்தார். 16 வருடம் கழித்து அப்படி எடுத்தவற்றில் 83 சதவீதம் திறந்திருந்தன. வழக்கமான முறையில் எடுத்தவற்றில் 64. கால் புண் ஆறுவதுதான் இதில் கொஞ்சம் தொல்லை, சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் எல்லோரும் இதற்கு மாறிவிடவில்லை.

ஆபரேஷன் நடக்கும்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் பிளாஸ்டிக் குழாய்களில் ஓடி வருவதால் உடம்பு முழுக்க உள்தோல் அடி வாங்குகிறது, நுண்குழாய்கள் கசிகின்றன. ஐசியூவில் அப்பாவின் முகம் வீங்கியிருந்திருந்தால் அதுவும் ஒரு காரணம். அந்த வீக்கம் பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். யார் கையிலும் கால் நரம்பு அடைக்கும். பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும் என்பதுதான் பழைய கணக்கு. ஏழு வருடத்தில் மூன்றில் ஒன்று அடைத்ததற்காக டாக்டரைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். அப்பா புகைக்கிறாரா, சர்க்கரை எப்படி, ஆஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையையும் நடுவில் நிறுத்தினாரா என்று முதலில் பாருங்கள். ஸ்டென்ட் வைக்கலாம் என்றால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: பழைய நரம்புக்குள்ளேயா, இல்லை இதயத்தின் சொந்தக் குழாயிலா? முடிகிற இடத்தில் சொந்தக் குழாயில் வைக்கத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள்.